இளவரசியின் தலையில் வைத்த கை

செய்தி வந்தபோது நான் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். ரொறன்ரோ மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மகள் ஆரணி மதியம் சாப்பிட வந்திருந்தாள். போனைப் பார்த்தபடி சொன்னாள்:

"அம்மா, தாய்லாந்து பிரின்சஸ் ஒராள் செத்துப்போனாவாம். ஜெயிலில இருக்கிற பொம்பிளையளுக்கும் பிள்ளையளுக்கும் நிறையச் செய்தவவாம். பாவம், பெரிய வயசுமில்லை."

படத்தையும் காட்டினாள். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஆரோ ராசா வீட்டுப் பிள்ளை. நீ அந்தச் சட்டியை எடுத்துத் தா."

இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

பாங்கொக் மறியலில், அந்தச் சிறை அறையில் என்னோடு இருந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் இந்த ஊரில்தான் இருக்கிறீர்கள். அஜின்கோர்ட் மரக்கறிக் கடையில் எதிர்ப்பட்டால் நீங்கள் முருங்கைக்காயைப் பார்ப்பீர்கள், நான் வெண்டிக்காயைப் பார்ப்பேன். கனடாவுக்கு வரும் வழியில் விசா முடிந்து பிடிபட்டு, பிள்ளைகளோடு அடைபட்டுக் கிடந்தோம். களவெடுத்து உள்ளே போனவர்களைப்போல அதை இன்னும் ஒளித்து வைத்திருக்கிறோம். கொழும்பிலிருந்து நேரே ரொறன்ரோவுக்கு வந்தோம் என்றுதான் ஆரணிக்கும் சொல்லியிருந்தேன்.

இளவரசி முதல்முறை வந்த நாள் நினைவிருக்கிறதா? அரச குடும்பத்தவரைவிட யாருடைய தலையும் உயரமாக இருக்கக்கூடாது என்று எங்களைத் தரையில் இருத்தினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட சின்னப் பெண், காதில் தோடுகூட இல்லை. வந்தவர் எங்கள் பாயிலேயே சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த அதிகாரிகள் பாடு திண்டாட்டம். அவரைவிடத் தாழ்ந்தாக வேண்டுமே! தொப்பை வைத்த ஒருவர் ஏறக்குறையப் படுத்தே விட்டார். அங்கே போனபின் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆரணிக்கு அப்போது நடை பழகும் வயது. அவளை மடியில் வைத்துக்கொண்டு அவர் இங்கிலீஷில் கேட்டதை, எங்களில் இங்கிலீஷ் தெரிந்த சுகந்தி சொன்னாள்: "இந்தப் பிள்ளை என்ன குற்றம் செய்ததாம்? தாயோட கூட வந்தது மட்டும்தானே எண்டு கேக்கிறா." அடுத்த நாளே பிள்ளைகளுக்கு முற்றத்துக் கதவு திறந்தது. பாலும் வந்தது. என் மகள் ஓடப் பழகியது அந்த முற்றத்தில்தான். அங்கே விழுந்த தழும்பு இன்னும் அவள் முழங்காலில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வீட்டுப் படியில் விழுந்தது என்று சொல்லி வைத்திருந்தேன்.

அன்று அவர் எழும்புமுன் நான் செய்த காரியத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. "நல்லாய் இருக்கவேணும் பிள்ளை" என்று சொல்லி அவர் தலையில் கையை வைத்துவிட்டேன். அந்த நாட்டில் பிறர் தலையைத் தொடுவதே பெரிய மரியாதைக்கேடு என்பதோ, அரச குடும்பத்தவர் என்றால் நினைத்தும் பார்க்க முடியாது என்பதோ எனக்கு எங்கே தெரியும்? ஒரு அதிகாரி பாய்ந்து வந்தார். இளவரசி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மறுமுறை வந்தபோது என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். சுகந்தி மெல்லச் சொன்னாள்:

"அக்கா, தாய் செத்தாப் பிறகு தன்ரை தலையில ஒருத்தரும் கை வைக்கேல்லையாம். ஒருத்தருக்கும் அனுமதியில்லையாம். இன்னொருக்கா வைப்பீங்களோ எண்டு கேக்கிறா."

வைத்தேன். பிறகு அவர் வந்தபோதெல்லாம் வைத்தேன்.

ஒருமுறை அவரோடு படம்பிடிப்பவர் ஒருவரும் வந்தார். நாங்கள் எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டோம். இளவரசி அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார்: "இங்கே படம் வேண்டாம். ஆனால் வெளியே போனபின் முகத்தை மூடாதீர்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் இல்லை." பிற்காலத்தில் சிறையிலிருந்து வரும் தாய்மாருக்கென்று அவர் வீடுகள் அமைத்ததைப் பேப்பரில் படிப்பேன். ஆரணி வந்தால் பேப்பரை மடித்துவிடுவேன்.

போன கிழமை, அவர் படத்துக்குப் பூ வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நூடில்ஸ் சாப்பிட வேண்டும் என்று பொய் சொல்லி, அஜின்கோர்ட்டில் ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைக்கு ஆரணியைக் கூட்டிப் போனேன். வாசலில் அவர் படம், வெள்ளைப் பூக்கள். படத்துக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். தலை நரைத்த சுகந்தி. அவள் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

"உவவின்ரை தலையில நீங்கள் கை வைச்சது ஞாபகமிருக்கோ அக்கா?"

"வெயிட், அம்மா," என்றாள் ஆரணி. "இவவை உங்களுக்குத் தெரியுமோ? எங்க கண்டனீங்கள்?"

கொழும்பு என்று சொல்ல இன்னும் வழி இருந்தது.

"பாங்கொக் மறியலில," என்றேன். "நீயும் இருந்தனீ. அந்த முழங்கால் தழும்பு அங்கதான் வந்தது."

ஆரணி குனிந்து தன் முழங்காலைத் தடவிவிட்டுப் படத்தைப் பார்த்தாள். சுகந்தி அழுதாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வலது கை ஒன்றுதான். தாய்க்குப் பிறகு அவர் தன் தலையைத் தொடவிட்ட கை. இத்தனை காலமும் அந்தக் கையால்தான் என் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன்.