முடிவைச் சொல்லாதே, கண்ணாடியை வாங்கு

தியேட்டர் வெளிவாசலில் கூடையோடு நிற்கிறவளுக்கு, படம் பார்க்காமலே படத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும்.

சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு தியேட்டர். த்ரீடி படம் வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். உள்ளே போகிறவர்களுக்குக் கண்ணாடி கொடுக்க வேண்டும். வெளியே வரும்போது திரும்ப வாங்கி, அடுத்த ஆட்டத்துக்குள் துடைத்து வைக்க வேண்டும். என் மகள் பாப்பா பள்ளிக்கூடம் போகிற நேரத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிற வேலை. இந்தத் தடவை வந்தது வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்தது. அந்தக் காலத்து ராஜாக்கள் சண்டை. பட்டாளத்துக்குச் சோறாக்குகிற ஒருவன், கத்தி பிடிக்கத் தெரியாமல் கரண்டியாலேயே எல்லாரையும் அடித்து விரட்டுகிறான். வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் செத்துப்போகிறான்.

மேனேஜர் சார் முதல் நாளே சொல்லிவிட்டார், "புதன்கிழமை வரைக்கும் பார்ப்போம்மா. கூட்டம் இல்லன்னா வியாழனோட படத்தைத் தூக்கிடுவோம். அப்புறம் அடுத்த த்ரீடி வர்றப்ப சொல்லி அனுப்புறேன்." அடுத்தது எப்போது வருமோ? அதனால் வெளியே வருகிற ஒவ்வொருவர் வாயையும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். புது ஆட்களிடம் 'படம் எப்படிங்க' என்று கேட்க எனக்கு வாய் வராது. கடையிலோ கவுண்டரிலோ நின்று அடுத்தவர் அபிப்பிராயத்தை வாங்கிக் கட்டிக்கொள்கிற உங்களுக்கு இது புரியும். நாம் கேட்கவே வேண்டாம், தானாக வந்து விழும்.

கொலைப்பழி

முதல் நாள் மேட்னி விட்டதும் காலேஜ் பையன்கள் விசிலடித்துக்கொண்டே வந்தார்கள். அப்பாடா என்று இருந்தது. பின்னாலேயே ஒருத்தர், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்தார். சின்னது தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தது. அவர் நாலு கண்ணாடியையும் கூடையில் போட்டார். போட்டார் என்றா சொல்வது, எறிந்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்தவருக்குக் கூடையை நீட்டினேன். எறிந்தவர் விடவில்லை. என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கேட்டார்: "சிரிப்புப் படம்னு போஸ்டர் ஒட்டிட்டு, அந்த மனுசனைக் கொன்னுட்டீங்களேம்மா!"

துடைப்பம்

திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து ஒரு சிலம்பாட்ட வாத்தியார், தன்னிடம் கற்றுக்கொள்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வெளியே வந்தவர் நேராக என் பக்கத்தில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்தார். "இங்க பாருங்கடா, கரண்டியோ கம்போ, பிடி இப்படித்தான் இருக்கணும். அவன் பிடிச்ச மாதிரி பிடிச்சா விரல் எகிறிடும்" என்று ஒரு சுற்று சுற்றினார். பாப்கார்ன் தட்டு ஒன்று பறந்தது. டிக்கெட் கிழிக்கிற செல்வம் அண்ணன் குனிந்துகொண்டார்.

"படமாய்யா இது, வித்தையைக் கேவலப்படுத்தியிருக்கான்" என்று திட்டிக்கொண்டே போனார். போச்சு, இவர் ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் காலைக் காட்சிக்கு அவரே தனியாக வந்து நின்று கண்ணாடி கேட்டார். என் முழியைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்: "தப்பு எங்கெங்கனு நேத்து சரியா பார்க்க முடியலம்மா, பிள்ளைங்க சிரிச்ச சிரிப்பு ஒண்ணும் கவனிக்க விடல."

அடுப்பு

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமாவும் மாமியும். மாமா கல்யாணச் சமையல் செய்கிறவராம். மாமிக்குப் படம் பிடித்திருந்தது. "எத்தனை தயை அவனுக்கு, எதிரிக்கும் சாதம் போடறானே" என்று உருகினாள். மாமா முகம் மட்டும் கடுகடு என்று இருந்தது. "ஏன்னா, ஒரு நல்ல வார்த்தை சொல்லப்படாதா?" என்று மாமி இடித்தாள்.

மாமா கண்ணாடியை என்னிடம் பத்திரமாக மடித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "என்னத்தைச் சொல்றது? அவ்வளவு பெரிய யுத்தம் நடக்கறது, எனக்குக் கண்ணெல்லாம் அந்த அடுப்பு மேலயே, அணைக்காமன்னா ஓடிட்டான்!"

இரண்டு கை

ஞாயிற்றுக்கிழமை, படம் முடியப்போகிற நேரம். ஒரு பெண் அழுகிற கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். என் வயதுதான் இருக்கும். உள்ளேயும் போக முடியாமல், வெளியிலும் நிற்க மனசில்லாமல் கதவிடுக்கு வழியாக எட்டி எட்டிப் பார்த்தாள். கையை மட்டும் நீட்டினேன். ஒரு நொடி யோசித்தாள். குழந்தையைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். அது என் தோளில் எச்சில் வடித்துத் தூங்கிப்போனது.

கூட்டம் விட்டதும் வந்தாள். செல்வம் அண்ணன்தான் படம் எப்படி என்று கேட்டார். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "படம் பரவாயில்லண்ணே. ரெண்டு கையும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு பாருங்க, அதுதான் சூப்பர்."

நிஜம்

ஜீயபுரத்து ஆள் ஒருத்தர், ராணுவத்திலிருந்து லீவில் வந்தவர். வரும்போதே அவர் மனைவி, "சண்டைப் படம்னா இவர் நொட்டை சொல்லிக்கிட்டே இருப்பார்" என்று செல்வம் அண்ணனிடம் சலித்துக்கொண்டாள். ஆனால் திரும்பி வரும்போது கூடையில் போடாமல் கண்ணாடியைக் கையில் வைத்தபடி நின்றார். "என்னங்க, எல்லாம் பொய்தானே?" என்று அவளே கேட்டாள்.

"சாப்பாட்டு வண்டி வந்ததும் அத்தனை பேரும் சண்டையை மறந்துட்டுத் தட்டைத் தூக்குறானுங்கள்ல, அது மட்டும் நிஜம்."

என் வாய்

திங்கட்கிழமை கூட்டமே இல்லை. செவ்வாயும் அப்படியே. மேட்னிக்கு முன்னால், கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த பெண்கள் கொஞ்சம் பேர், பஸ்ஸுக்கு நேரம் கிடக்கிறது என்று பைகளோடு போஸ்டரைப் பார்த்து நின்றார்கள். டிக்கெட் வாங்குவார்களா மாட்டார்களா என்று எனக்குப் படபடப்பு. அவர்களில் பெரியவராக இருந்த அம்மா திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, படம் எப்படி இருக்கு?"

என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பதற்றத்தில், "நல்லாருக்குங்க, கடைசில அந்தச் சமையல்காரர் செத்துடுவாரு" என்று சொல்லிவிட்டேன். செல்வம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். மேனேஜர் சார் ரூமிலிருந்து வந்தேவிட்டார். "முடிவைச் சொல்லிட்டா எவன்மா உள்ள வருவான்? கண்ணாடியை வாங்குறதோட உன் வேலையை வச்சுக்க!" எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. புதன்கிழமை வரைக்கும்கூட இல்லை, இன்றைக்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. "செத்துடுவானா? நல்லவனா கெட்டவனா?" என்று என்னைத்தான் கேட்டார். "ரொம்ப நல்லவருங்க" என்றேன். "அப்ப பார்த்துடுவோம்டி" என்று மற்றவர்களைத் திரட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது கண்ணாடியெல்லாம் ஈரம். ஒருத்தி அழுதுகொண்டே சிரித்தாள், ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். மேனேஜர் சார் அங்கேயே நின்றார், நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சாகப்போறான்னு தெரிஞ்சு பார்த்தோமா, அவன் சிரிப்புக் காட்டுறப்பவே எங்களுக்கு அழுகை வந்துடுச்சும்மா."

என் முறை

அவர்கள் போய்ச் சொன்னார்களோ, வேறு படம் சரியில்லையோ, தெரியவில்லை. புதன்கிழமை மாலைக் காட்சிக்குக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கவுண்டரில் ஒரு பெண், "அந்தச் சமையக்காரன் செத்துப்போற படம் இதுதானே?" என்று கேட்டே டிக்கெட் வாங்கினாள். ஆட்டம் தொடங்கியதும் மேனேஜர் சார் என்னிடம் வந்தார். "இன்னொரு வாரம் ஓட்டுறோம். மேட்னியும் ஈவினிங்கும் மட்டும். வந்துடு" என்றார். போனவர் திரும்பி வந்து, "நீயும் ஒரு தடவை பாரும்மா. கேக்குறவங்களுக்கு முடிவை மட்டும் சொல்லிட்டு இருக்காதே" என்றார்.

மறுநாள் மேட்னி. செல்வம் அண்ணன் கூடையைப் பார்த்துக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டேன். முதல் அம்பு முகத்துக்கு நேரே வந்தபோது குனிந்துவிட்டேன். சமையல்காரர் வெங்காயம் உரித்தது ஞாபகம் இருக்கிறது. பாப்பாவுக்கு இரண்டு நாளாக இருமல், எனக்குத் தூக்கமே இல்லை. இருட்டு, குளிர்ச்சி, மடியில் பிள்ளை இல்லை. கண் விழித்தபோது விளக்கு எரிந்தது, எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனார்கள். நானும் வெளியே வந்தேன். செல்வம் அண்ணன் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, கூடையை நீட்டினார்: "இந்தப் படத்துக்கு வந்து இவ்வளவு தெளிவா வெளிய வந்த ஆளு நீ ஒருத்திதாம்மா."

ஆக, ஊரே பார்த்துவிட்டு ஆளுக்கொன்று சொன்ன அந்தப் படத்தைப் பற்றி நான் தைரியமாகச் சொல்லக்கூடிய அபிப்பிராயம், ஏசி ரொம்ப நன்றாக இருந்தது என்பதுதான்.