சத்தமில்லாமல் தட்டு வைத்தவர்

பிரிக்ஃபீல்ட்ஸில் என் மகனின் பேச்சுப் பயிற்சி முடிந்ததும், பக்கத்து உணவகத்தின் மூலை மேசையில் தோசை சாப்பிடுவோம். அவனுக்கு நான்கு வயது, ஆட்டிசம். பக்கத்தில் பாத்திரம் மோதினாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுவான்.

அங்கே பரிமாறியவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் இந்த நாட்டுக்கு வந்தவர். ஒல்லியான உருவம், தூக்கமில்லாத கண்கள். மற்ற மேசைகளில் தட்டை டங்கென்று போடுவார். எங்கள் மேசையில் மட்டும் உள்ளங்கையை அடியில் கொடுத்து, சத்தமே எழாமல் இறக்கி வைப்பார்.

ஒருநாள் தோசை வரும்வரை மகன் அழாமல் உட்கார்ந்திருந்தான். அதுதான் முதல் முறை. என்னைவிட அவருக்குத்தான் முகம் மலர்ந்தது.

“இவனுக்குச் சத்தம் ஆகாதுன்னு எப்படிண்ணே தெரியும்?” என்று கேட்டேன்.

“என் மவனும் இப்படித்தான்கா. ஊர்ல இருக்கான். வீடியோ கால்ல என் மூஞ்சியே பாக்க மாட்டான்.”

“பேசுவானா?”

“இல்ல. நேத்து என் குரல் கேட்டதும் போன வாங்கிக் கன்னத்துல வச்சுக்கிட்டான். ஸ்கிரீன் இருட்டாயிடுச்சு. அவன் மூச்சு மட்டும் கேட்டுச்சு. கட் பண்ண மனசே வரலக்கா.”

என் மகன் கைக்கெட்டும் தூரத்தில் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

சில மாதங்களில் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். என் மகன் புது ஆளைக் கண்டால் மேசைக்கடியில் ஒளிந்துகொள்வான். குரலாக மட்டுமே தெரிந்த அப்பா வாசலில் வந்து நின்றபோது, அந்தப் பிள்ளை என்ன செய்திருப்பான்?