அதே வால்வுதான் என்று சொன்னேன்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். காரைக்குடியில் ரேடியோ ரிப்பேர் செய்கிறேன்.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒரு செட்டியார், பினாங்கிலிருந்து கொண்டுவந்த தன் ஆம்ப்ளிஃபயரை என்னிடம் கொடுத்தனுப்பினார். நாதசுர ரிக்கார்டு கேட்பது ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அதில் ஒரு வால்வு, பல்பு மாதிரி எரியும் கண்ணாடிக் குழாய், போயிருந்தது. சென்னைக் கடைக்குக் கடிதம் எழுதித்தான் வரவழைக்க வேண்டும். என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று கூச்சப்பட்டு நாளைக் கடத்தினேன்.

“நாளைக்கு நாளைக்குங்கிறீகளே தம்பி, அந்த நாளைக்கு எந்த வருசத்துல வருது?” என்று கேட்டார் செட்டியாரின் மனைவி, ஆச்சி.

வெட்கமாகிவிட்டது. பழைய ரேடியோ ஒன்றிலிருந்து, பின்கள் மட்டும் பொருந்திய வேறு வால்வை எடுத்து மாட்டி, செட்டியார் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

“அதே வால்வுதாங்கய்யா,” என்றேன்.

நாதசுரம் கேட்டதும் செட்டியார் கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிடத்தில் வால்வு செக்கச்செவேலென்று சிவந்து, புகை வந்தது. ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. அதற்கு மாற்று எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

“நீ என்னப்பா செய்வே? அதுக்கும் என்னாட்டம் வயசாயிருச்சு,” என்று குழறியபடி அவர்தான் என்னைத் தேற்றினார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாட்டில்லாத அந்த அறையில் மூன்று மாதம் கிடந்து இறந்துபோனார்.

இப்போதெல்லாம் சாமான் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே கடைக்குக் கார்டு எழுதிப் போடுகிறேன். ஆச்சியிடம் நேரில் சொல்லத்தான் இன்னும் துணிவில்லை. அவர் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்.

எழுதியது: 12-8-1973