அக்காவின் தலைமுடியும் எங்கள் வீட்டு முட்டையும்

அக்காவுக்கு முடி கொட்ட ஆரம்பித்தபோது எங்கள் தங்கச் சுரங்க லைன் வீடுகளில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெங்களூர்த் தண்ணீர் என்றார்கள். அவள் வேலை செய்கிற கார்மென்ட்ஸில் பறக்கும் பஞ்சு என்றார்கள். எதிர்வீட்டு அத்தை, "அவ்ளோ நீட்டு சட, தெனம் ரயில்ல எத்தினி கண்ணு பட்டுச்சோ" என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். அக்கா என்ன சாப்பிடுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

அக்கா விடியும் முன்பே கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் பிடிப்பாள். காலையில் ஒரு டம்ளர் டீ. மத்தியானம் டப்பாவில் புளிசாதம், அதன்மேலேயே மறுபடியும் டீ. இரவு எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியது. என்னைப் படிக்க வைக்க வேண்டும் என்று அவளை எட்டாவதோடு நிறுத்தினார்கள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பில் அவளுடைய பசியும் இருக்கிறது.

அம்மாவின் கவலை வேறு. அடுத்த மாதம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக்கொண்டே, "அவங்க வந்து சடையத் தொட்டுப் பாத்தா இன்னா சொல்றது?" என்பாள். போனில் விளம்பரம் பார்த்து என்னைவிட்டே ஒரு டப்பா வரவழைத்தாள். முடி வளர்க்கும் வைட்டமின் மிட்டாயாம், சிவப்பாக, கரடிக்குட்டி வடிவத்தில். திருப்பிப் படித்தேன். சர்க்கரை, சாயம், கொஞ்சம் பயோட்டின். பயோட்டின் உடம்புக்கு வேண்டியதுதான். முட்டையிலும் வேர்க்கடலையிலும் அது இருக்கிறது. ஆனால் முடி புரதத்தால் ஆனது. புளிசாதம் தின்கிறவளுக்குக் கரடிக்குட்டி எங்கிருந்து முடி கொடுக்கும்?

சண்டை போட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஊட்டா சரியா மாட்தியேனம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார். சரியாகச் சாப்பிடுகிறேன் என்று அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் தலையாட்டினாள். ரத்தம் பார்த்ததில் ரொம்பக் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். பருப்பு, கீரை, முட்டை தினமும் வேண்டும், கீரையில் எலுமிச்சை பிழிந்துகொள், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே என்றார். உடம்புக்கே பத்தாதபோது அது முடிக்கு எதைக் கொடுக்கும் என்றார். சத்து ஏறினாலும் முடி திரும்ப வர மாதக்கணக்கில் ஆகுமாம்.

அன்று சாயங்காலம் அம்மா வழக்கம்போல் இரண்டு முட்டை வேகவைத்தாள். ஒன்று நைனாவுக்கு, ஒன்று எனக்கு.

எங்கள் வீட்டில் முட்டை ஷிஃப்ட்டுக்குப் போகிறவருக்கு. கேஜ் கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்குகிற உடம்பு தாங்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் வைத்த வழக்கம். நான் நடக்கப் பழகுவதற்குள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். முட்டை மட்டும் நைனாவின் தட்டைவிட்டு நகரவில்லை. படிக்கிற பிள்ளைக்கு மூளை வேலை செய்ய வேண்டும் என்று எனக்கும் ஒன்று சேர்ந்தது.

என் முட்டையை எடுத்து அக்கா தட்டில் வைத்தேன். அவள் திருப்பி என் தட்டில் வைத்தாள்.

"டாக்டர் சொன்னது காதுல வுழல?"

"எனக்கு அந்த வாடை ஒத்துக்காது, நீ துன்னு."

"சின்ன வயசுல என் தட்டுலேர்ந்து திருடித் துன்னப்போ வாடை அடிக்கலயா?"

அம்மா குறுக்கே வந்தாள். "இன்னாத்துக்குடா சாப்புடற நேரத்துல? அவளுக்குத்தான் மாத்திரை கீதே, முட்டாயி கீதே."

நைனா சிரித்தார். "வக்கீலுக்குப் படிப்பான்னு பாத்தா, முட்டைக்கு வக்கீலா வந்துகிறான். டேய், இது அண்டர்கிரவுண்டு பாத்த ஒடம்புடா."

"பாத்து எத்தினி வருஷம் ஆச்சு நைனா? இந்த வீட்ல இப்போ ஷிஃப்ட்டுக்குப் போறது யாரு?"

அவர் முகம் சுருங்கியது. முட்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். எனக்குத் தட்டைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

அக்காதான் என்மேல் பாய்ந்தாள். "நீ ஏன்டா கத்துற? உன்னுத எனக்குக் குடுத்துட்டா ஆச்சா? அது உன் முட்டதான. எனக்குன்னு ஒண்ணு வேக வெச்சாங்களா இந்த வீட்ல, ஒரு நாளாச்சும்?"

அவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் அவளுக்கு முன்னால் நான் எழுந்து மூன்று முட்டை போட்டு அடுப்பு பற்றவைத்தேன். வெந்ததும் முதல் முட்டையை எடுத்து உரித்து உப்பும் மிளகும் தூவிக் கொடுத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே தின்றாள். வாடை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டீ கேட்டாள், தரவில்லை.

அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்து அவள் சடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க வர்றதுக்குள்ள வளருமாடி?"

"வளராது. அதுக்காக வர மாட்டாங்கன்னா வர வேணாம்னு சொல்லிடு."

செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். அம்மா என்னை முறைத்தாள். நான்தான் அவளுக்கு இப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தேனாம்.

உள்ளேயிருந்து நைனா தன் முட்டை வெந்ததா என்று கேட்டார்.

"வெந்துடுச்சு. வந்து உரிச்சுக்கங்க" என்றேன்.