புகை வராத புகைபோக்கி

அரைமணிக்கு ஒருதரம் பாய்லர் அறையிலிருந்து வெளியே வந்து, நெற்றிமேல் கையைக் குடை பிடித்துக்கொண்டு, புகைபோக்கியின் நுனியைப் பார்க்கிறார் சத்தார் பாய். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் வானம்தான். இருந்தாலும் நம்பமாட்டார். நாலடி தள்ளிப்போய் வேறு பக்கமிருந்து இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

மேல்விஷாரத்தில் எங்கள் தோல் தொழிற்சாலையின் பாய்லர் இருபத்திரண்டு வருஷமாக அவர் பொறுப்பு. நான் அங்கேயே ஆபீசில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்ப்பவன். இப்படி ஒரு சந்தேகப் பிராணியை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிரஷர் மீட்டரை விரலால் இரண்டு தட்டு தட்டாமல் படிக்கமாட்டார். நிலக்கரி லாரி வந்தால் குவியலுக்குள் முழங்கைவரை விட்டு, ஈரம் கலந்திருக்கிறதா என்று துழாவுவார். நான் கையெழுத்துக்கு நீட்டும் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். டீயைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார்.

"விஷமா வச்சிருக்கேன் பாய்?" என்று டீக்கடை அப்துல் வஹீத் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"யாருக்குத் தெரியும்?" என்றார் சத்தார் பாய், சிரிக்காமல்.

அவர் நம்பியது ஒன்றே ஒன்றை. புகை வராத தன் புகைபோக்கியை. "நல்லா எரிஞ்சா பொகையே வராது. பொக வந்தா பாய்லர்காரன் சரியில்லேன்னு அர்த்தம்" என்பார். பக்கத்துத் தொழிற்சாலைப் புகையைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்குவதில் ஒரு சந்தோஷம் இருக்கும்.

அதில் மண்ணைப் போட்டது அவருடைய மகள் ஹஃப்ஸா. கல்லூரியில் இரண்டாம் வருஷம் வேதியியல் படிக்கிறாள். ஒருநாள் காலை சத்தார் பாய் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, குறை சொல்கிற குரலில் சொன்னார்:

"கரி நல்லா எரிஞ்சா முழுசும் காத்தா மாறி மேல பூடுதாம். கண்ணுக்கே தெரியாதாம். மேல நின்னுக்கிணு பூமியோட சூட்ட வெளிய வுடாதாம். இன்னா கதை பாருங்க. கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படி நம்பறது?"

நம்பவில்லை. சோதித்தார். தோலிலிருந்து மயிரை நீக்க நாங்கள் சுண்ணாம்பு வைத்திருப்போம். அதில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் பாட்டிலில் பிடித்தார். அந்தக் காற்று பட்டால் தெளிந்த நீர் வெளுத்துவிடுமாம், மகள் சொல்லிக்கொடுத்த வித்தைதான். புகை சோதிக்க வந்தவர்கள் எப்போதோ விட்டுப்போன ரப்பர் பம்ப்பால் முதலில் வெளிக்காற்றை அதில் அடித்தார். தண்ணீர் அப்படியே இருந்தது. பிறகு புகைபோக்கியின் சோதனைத் துளையில் குழாயைச் செருகி, உள்ளிருந்து இழுத்து அடித்தார். ஐந்தாவது அமுக்கில் தண்ணீர் பாலாக வெளுத்துவிட்டது. பாட்டிலில் கோளாறு என்று வேறு பாட்டில் மாற்றினார். அதுவும் வெளுத்தது. கடைசியில் தன் வாயாலேயே ஊதிப் பார்த்தார். அதுவும் வெளுத்தது. முகம் மலர்ந்துவிட்டது. உடனே மகளுக்குப் போன் போட்டு, நான் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் வைத்தார்.

"அந்தக் காத்த நானும்தான் வுடறேன். என்னையும் நிறுத்தச் சொல்லுவியா?"

"நீங்க வுடறது இந்த வருசம் தின்ன சோறு. நெல்லு வெளையும்போது காத்துலருந்து எடுத்தத திருப்பிக் குடுக்கறீங்க, அவ்ளோதான். கரி கோடிக்கணக்கான வருசமா மண்ணுக்குள்ள கெடந்தது. அத யாரு வெளிய எடுத்து எரிக்கறது?"

போனை வைத்தார். அன்றைக்கு டீயை முகராமல் குடித்தார்.

போன மே மாதம், வெயில் மண்டையைப் பிளந்த ஒருநாள், எங்கள் தோலை வாங்கும் வெளிநாட்டுச் செருப்புக் கம்பெனிக்காக சென்னையிலிருந்து பூர்ணிமா என்ற அதிகாரி சோதனைக்கு வந்தார். நிலக்கரி கூடாது, வருஷா வருஷம் விளைகிற வேர்க்கடலையின் தோலை எரிக்கலாம் என்பது அவர்கள் நிபந்தனை. கடலைத்தோலுக்கு மாறிவிட்டோம் என்று எழுதிக்கொடுத்திருந்தோம். அதை டைப் அடித்தவன் நான்தான். அடிக்கும்போதே கூச்சமாக இருந்தது, ஆனாலும் அடித்தேன்.

அன்று காலை மேனேஜர் மதியழகன் நிலக்கரிக் குவியலை மறைத்துக் கடலைத்தோல் மூட்டைகளை அடுக்கவைத்தார். "தோலப் போட்டா பொக வரும் பாய். இன்னிக்கும் கரியே போடுங்க. மேடம் கேட்டா தோல்னு சொல்லிடுங்க. பொய் வெளிய வந்துச்சுன்னா ஆர்டர் போச்சு. மொதல்ல நிக்கறது உங்க பாய்லர்தான்."

அது மிரட்டல் மட்டுமல்ல, நிஜமும்கூட. ஐம்பத்தாறு வயசில் சத்தார் பாய்க்கு வேறு பாய்லர் யார் தருவார்கள்? ஹஃப்ஸாவுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கிறது.

பூர்ணிமா மூட்டைகளைப் பார்த்தார். நிமிர்ந்து புகைபோக்கியைப் பார்த்தார். "புகையே இல்லையே. ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்றார். மதியழகன் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது.

இருபத்திரண்டு வருஷமாக சத்தார் பாய் காத்திருந்த பாராட்டு. அவர் முகமோ சுண்டிப்போனது.

"இன்னா மேடம், உள்ள எரியறது இன்னான்னு பாக்கலியா?"

"அதான் மூட்டை இருக்கே பாய்" என்று சொல்லிவிட்டு, அவர் தாளில் எழுதக் குனிந்தார்.

மதியழகன் இருமினார். நானும் மனசுக்குள் 'சும்மா இருங்க பாய்' என்று கெஞ்சினேன். அதை மறைப்பானேன். என் வேலையும் அந்த ஆர்டரில்தான் ஓடுகிறது.

சத்தார் பாய் ஒரு மூட்டையைக் காலால் தள்ளினார். பின்னால் கையை விட்டுத் துழாவி, முஷ்டி அளவு கரிக்கட்டி ஒன்றை எடுத்து, பூர்ணிமா எழுதிக்கொண்டிருந்த வரியின் மேலேயே வைத்தார்.