கட்டைவிரல் மை

மணியம்மாளின் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கங்கையம்மாள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டைவிரலில் முடிப்பது அவள் வழக்கம். பக்கத்தில் வெந்நீர்க் கிண்ணம், தோளில் துண்டு. நகக்கண்ணில் துளி அழுக்கு இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது.

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது பிள்ளையார்பாளையத்தில், படுத்த படுக்கையானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்கிறாள். புது வீட்டில் கால் வைத்ததும் மூன்று கேள்வி கேட்பாள்: மாத்திரை யார் கையில் இருக்கிறது, வீட்டுப் பத்திரம் எங்கே, உயில் எழுதியாயிற்றா? மூன்றாவது கேள்விக்குப் பலரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

மணியம்மாளும் திருப்பிக்கொண்டவள்தான். "உயிலு எழுதினா சீக்கிரம் போயிடுவோம்னு சொல்றாங்களே."

"வார்டுல நான் துணி சுத்தி அனுப்பினவங்க அல்லாரும் எழுதாம போனவங்கதாம்மா."

மணியம்மாளுக்குப் பிள்ளை இல்லை, கணவரும் இல்லை. ஆறு மாதமாக வலது பக்கம் விளங்கவில்லை. பேச்சும் புத்தியும் தெளிவு. கணவர் தறியில் சம்பாதித்துக் கட்டிய வீடு அவள் பெயரில் இருக்கிறது. தனக்குப் பின் அது மாகறலில் இருக்கும் தங்கை மகள் காந்தாவுக்கு என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள்; அவ்வளவுதான்.

நகவெட்டி கட்டைவிரலுக்கு வந்ததும் நின்றது. ரேகை இடுக்கில் ஊதா மை.

"நேத்து யாரும்மா வந்தது?"

"அவரு அண்ணன் மகன் சீனிவாசன். ஆரஞ்சு வாங்கியாந்தான். பேசிக்கினே இருந்தான், நான் மாத்திரை போட்டுக்கினு தூங்கிட்டேன்."

"தூக்கத்துல கைநாட்டு வெச்சிருக்கீங்க."

மணியம்மாள் விரலையே பார்த்தாள். "என்னை வெளிய தள்ளிடுவானா கங்கா?"

"எந்தக் காயிதமோ தெரியாது. உயிலா இருந்தா, பின்னால எழுதறதுதான் செல்லும். வேறயா இருந்தா, தூக்கத்துல வாங்கினதுன்னு ரிஜிஸ்தர் ஆபீசர் எதிர்ல சொல்லிடுங்க."

"எழுதிட்டு நான் போயிட்டா?"

"போனா நான் குளிப்பாட்டறேன். இப்ப விரலக் காட்டுங்க."

நகத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். டாக்டரிடம் புத்தி தெளிவாக இருப்பதாக ஒரு சீட்டு வாங்கினாள். பத்திரம் எழுதும் முனுசாமியை உட்காரவைத்து, சார்பதிவாளரை வீட்டுக்கே அழைக்க மனு எழுதச் சொன்னாள். நடக்க முடியாதவர்களுக்கு அவர் வீட்டுக்கு வருவார் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை சார்பதிவாளர் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். வீடு காந்தாவுக்கு என்று மணியம்மாள் சொல்லி எழுதவைத்த உயிலை முனுசாமி உரக்கப் படித்தார். முந்தாநாள் தூக்கத்தில் நடந்ததை மணியம்மாள் தன் வாயால் சொன்னாள். பிறகு அக்கம்பக்கத்துச் சாட்சிகள் இருவர் எதிரில் இடது கட்டைவிரலை நீட்டி, விழித்துக்கொண்டே ரேகை வைத்தாள்.

அவர்கள் போனதும் கங்கையம்மாள் வெந்நீர் கொண்டுவந்தாள். மணியம்மாளின் முகத்தைத் துடைத்தாள். நான்கு விரல்களைத் துடைத்தாள். கட்டைவிரலைத் தொடவில்லை. வாசலில் சீனிவாசனின் சைக்கிள் மணி கேட்டது. அந்தக் கையை எடுத்துப் போர்வையின் மேல், புது மை தெரியும்படி வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.