கவர் இல்லாமல் போன காலை

எங்கள் தீவுக்கு சினிமா எடுக்க வருகிறவர்கள் கடலை எடுப்பார்கள், மணலை எடுப்பார்கள், போய்விடுவார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்த அந்த இளம்பெண் இயக்குநர் மட்டும் மனிதர்களைத் தேடினார். பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல், நண்பர்கள் சேர்ந்து எடுத்த படம். போர்ட் பிளேரில் எட்டுப் பேர் ஆளுக்கொரு மகிழ்ச்சியைத் தேடுகிறார்களாம். எட்டுப் பேரும் உள்ளூர்க்காரர்களாக இருக்கவேண்டுமாம். ஊரை ஒட்டிய எங்கள் கராச்சர்மா பஸ் நிறுத்தத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

நானும் அக்காவும் போனோம். தெற்கே கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பம் எங்களுடையது. அதற்கு முன் அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத்தோட்டத்தில் இருந்தவர்கள். சுனாமிக்குப் பிறகு கராச்சர்மாவுக்கு வந்து தையல் மெஷினோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஆள் எடுத்த இடத்தில் எங்கள் ஜனம் வரிசையாக நின்றது. ஒவ்வொருவர் அக்குளிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே ரேஷன் கார்டு, தீவுவாசி அட்டை, எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ். சினிமாவில் நடிக்க!

இயக்குநர் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: உங்களுக்கு எது சந்தோஷம்? அக்கா முன்னால் போய்க் கும்பிடு போட்டாள். "தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது மேடம். டெய்லி விட்டா போதும்" என்று கவரை நீட்டினாள். அடுத்து நின்றவர் கப்பல் டிக்கெட்டுக்கு சிபாரிசு கேட்டார். அதற்கடுத்தவர், சீல் எங்கே வைப்பீர்கள் என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தால் என் அக்குளிலும் கவர். வெட்கத்தைவிடக் கோபம்தான் வந்தது.

எங்களைச் சொல்லியும் குற்றமில்லை. அப்பா கப்பல் ஏற ஒரு காகிதம், தோட்டத்தில் வேலைக்கு ஒரு காகிதம். அலை வந்து என் கணவரைக் கொண்டுபோனது, வீட்டையும் பெட்டியையும் சேர்த்துக் கொண்டுபோனது. அப்புறம், அவர் என் கணவர்தான் என்பதற்கு என்னிடம் காகிதம் கேட்டார்கள். அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் கவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கவேண்டும் எனக்கு.

என் கதையை விசாரித்துக்கொண்டு, சில நாள் கழித்துக் கூப்பிட்டு வேஷம் கொடுத்தார்கள். கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்தவள். ஒரே காட்சி, கடலைப் பார்த்து அழவேண்டும்.

"அழமாட்டேன்" என்றேன்.

"உங்க கதைதானே அக்கா? நினைச்சாலே அழுகை வந்துடுமே" என்றார் இயக்குநர்.

"வரும். கேமராவுக்காக வராது."

அப்படியானால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று வருத்தத்தோடு சொன்னார். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். "அரே, ரெண்டு சொட்டு விட்டா கொறஞ்சா போயிருவ? சான்ஸ் போயிரும்டி!"

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அந்தப் படத்தில் வரக் கொள்ளை ஆசை. திரையில் என் முகம் பெரிதாகத் தெரியவேண்டும். ஆனால் அழுமூஞ்சியாக வேண்டாம். சுனாமிக்குப் பிறகு எங்களைப் படம் பிடிக்க வந்த அத்தனை பேரும் அழவைத்துத்தான் பிடித்தார்கள். கண்ணீர் என்னுடையது, என் வீட்டுக்குள் என் இஷ்டப்படி அழுதுகொள்வேன்.

"அன்னிக்கு எல்லாரையும் கேட்டீங்களே, அதையே என்கிட்ட கேமரா முன்னால கேளுங்க. புடிக்கலன்னா வேற ஆளப் போட்டுக்கங்க" என்றேன். இயக்குநர் யோசித்துவிட்டு, நாளைக் காலையில் வரச்சொன்னார்.

மறுநாள் கவரை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். அக்குள் காலியாக இருந்தது. இரண்டு முறை இறங்கித் திரும்பிப் போகப் பார்த்தேன். கடற்கரையில் நிறுத்தி, எது சந்தோஷம் என்று கேட்டார் இயக்குநர். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"இன்னிக்கு ஒரு பேப்பரும் எடுத்துட்டு வரல. எவனாவது வந்து நீ யாருன்னு கேக்கட்டும். நான் நான்தான்னு சொல்லுவேன். டெய்லி இப்புடியே வீட்ட விட்டுக் கெளம்பணும். அதாங்க சந்தோஷம்."

சொல்லி முடித்ததும் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. சில மாதம் கழித்து இயக்குநர் போன் செய்து, சிரிப்போடு அப்படியே படத்தில் வைத்திருக்கிறேன் என்றார்.

படம் போட்ட அன்று மண்டபத்து வாசலில், சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவர் எங்களை மறித்தார். "கார்டு திகாவோ" என்றார். அழைப்பிதழைத்தான் காட்டச் சொன்னார். அக்காவின் கை தன்னால் அக்குளுக்குப் போனது. படம் பார்க்கவும் கவரோடுதான் வந்திருக்கிறாள்! ரேஷன் கார்டு பாதி வெளியே வந்துவிட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"கார்டு நஹி ஹை, இல்ல" என்றேன். "உள்ள படத்துல வர்றது நான்தான். வந்து மூஞ்சியப் பாத்துக்கங்க."

அவர் வழிவிடட்டும் என்று நிற்கவில்லை. அக்காவை இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தேன்.